கையும் கணக்கும்: மன்னார்குடியில் மூன்று பேர் ஆடிய டூம்

1993-ல் வந்த டூம் என்ற சுடும் ஆட்டத்தின் முதல் எபிசோடில் மூன்றாவது லெவல். ஐந்து சிரமநிலைகளில் நடுவில் இருக்கும் 'ஹர்ட் மீ ப்ளென்ட்டி'. எதிரிகளும் அவர்கள் நிற்கும் இடங்களும் மூவருக்கும் ஒன்றுதான். மன்னார்குடி தேரடிப் பக்கம் ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டராக இருந்து, இப்போது ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஓடிக்கொண்டிருக்கும் கடையில் இதை மூன்று பேர் ஆடினார்கள். கடைக்காரருக்கு அது நிதானமான, கொஞ்சம் பதற்றமான ஆட்டம். அவருடைய அக்கா மகனுக்குச் சப்பென்று இருந்தது. பக்கத்து வீட்டு பிளஸ் டூ மாணவிக்கு முதல் சில அறைகளைத் தாண்டுவதே பெரும்பாடு. மூவருமே சுடும் ஆட்டங்களில் பழகியவர்கள்தான். கைதான் ஆளுக்கு ஒரு விதம்.

ஆடுபவரின் கண் வழியாகவே பார்த்துச் சுடும் ஆரம்பகால ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்களில் சிரமம் என்பது மெனுவில் தேர்ந்தெடுக்கும் பெயரில் பாதிதான் இருக்கிறது. ஒரு வினாடிக்குள் ஆடுபவரின் கை என்ன செய்ய முடியும், அதே வினாடியில் எதிரி என்ன செய்ய முடியும் என்பதில்தான் மீதிப் பாதி. 1992 முதல் 1998 வரையிலான ஆறேழு வருடங்களில் கை மாறிக்கொண்டே போனது, எதிரியின் கணக்கும் கூடவே மாறியது. இந்த இரண்டையும் தனித்தனி வரலாறாக எழுதுவது வழக்கம். ஒன்றாகப் பார்த்தால்தான் அந்த ஆட்டங்கள் விளங்கும் என்பது என் உறுதியான கருத்து. அதைச் சோதிக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆடியவர்களும் ஏற்பாடும்

கடைக்காரர் 2000களின் தொடக்கத்திலிருந்து இந்தக் கடையை நடத்துகிறவர். டேவ், வுல்ஃபென்ஸ்டைன், டூம், அப்புறம் ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ., கவுன்டர் ஸ்ட்ரைக் என்று அந்தக் காலத்து ஹார்டு டிஸ்க்குகளில் இருந்ததெல்லாம் அவர் கை பட்டது. இன்றும் ஆரோ கீ, கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஸ்பேஸ் பார் இந்த ஐந்தைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். மருமகன் தஞ்சாவூரில் பொறியியல் படிக்கிறான், மவுஸும், நடப்பதற்கு ஆரோ கீக்குப் பதிலாக டபிள்யூ-ஏ-எஸ்-டி என்ற நான்கு எழுத்துக் கீகளும் அவன் கையோடு பிறந்தவை. மாணவிக்கு கம்ப்யூட்டரில் ஆடிப் பழக்கமில்லை. ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ எல்லாம் போனில் நான்கு விரல் வைத்து ஆடுகிறவள்.

முதல் இருவருக்கும் அந்தக் காலத்து டாஸ் பதிப்பையே, பழைய நிரல்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் வழியாகப் போட்டுக் கொடுத்தேன். முதல் எபிசோடு ஷேர்வேராக இலவசமாகப் பரப்பப்பட்டது என்பதால் அதில் சிக்கல் இல்லை. மாணவிக்கு 2019-ல் போன்களுக்கு வந்த பதிப்பு. எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்துகொள்ளலாம், சிரமநிலையை மட்டும் முதல் சுற்றில் மாற்றக் கூடாது என்பது ஏற்பாடு.

கடைக்காரரின் கை

அவர் ஆடியதைப் பார்த்தால் கதவை ஒட்டியே வாழ்கிற ஆள் என்று தோன்றும். அறைக்குள் நுழைய மாட்டார். கதவைத் திறந்து, ஒரு எட்டு வைத்து, எதிரியை எழுப்பிவிட்டுப் பின்வாங்குவார். எதிரி கதவுக்கு வந்ததும் சுடுவார். முதுகுப் பக்கம் எப்போதும் சுவர். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "பின்னாடி வந்தா திரும்பறதுக்குள்ள சோலி முடிஞ்சிடும்ல" என்றார்.

இந்த பயத்துக்குக் கணக்கு இருக்கிறது. டூமின் மூலநிரல் 1997 டிசம்பரில் பொதுவில் வெளியானது, அதில் எல்லா எண்களும் வெளிச்சமாக இருக்கின்றன. ஆட்டம் வினாடிக்கு 35 துணுக்குகளாக ஓடுகிறது. ஆரோ கீயை அழுத்தினால் முதல் சில துணுக்குகளுக்கு வேண்டுமென்றே மெதுவாகத் திரும்பும், அதற்கு மேல்தான் முழு வேகம். ஷிஃப்ட் பிடிக்காமல் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் திரும்ப ஏறக்குறைய ஒன்றரை வினாடி ஆகிறது. ஷிஃப்ட் பிடித்தால் 0.85 வினாடிக்கு அருகில். அந்த மெதுவான தொடக்கம் ஏன் வைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கீயைச் சும்மா தட்டினால் பார்வை கொஞ்சமாக நகர வேண்டும், அப்போதுதான் கீபோர்டால் குறி வைக்க முடியும். மவுஸ் இல்லாத கைக்கு மவுஸின் நுட்பத்தில் ஒரு பங்கைக் கொடுத்திருக்கிறார்கள். இந்தச் சின்ன ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

மேலே கீழே குறி வைக்கும் வேலையை டூம் தானே பார்த்துக்கொள்கிறது. மாடத்தில் நிற்கும் எதிரிக்கு நேராக நின்றால் போதும், குண்டு மேலே போகும். கடைக்காரருக்கு இது இயல்பு, கேள்வியே எழவில்லை. மாணவிதான் நிமிர்ந்து கேட்டாள்: "அங்கிள், நான் மேல பாக்கவே இல்ல, எப்படிச் செத்துச்சு?"

இந்தக் கையை மனதில் வைத்துத்தான் எதிரிகளும் செய்யப்பட்டிருக்கிறார்கள். இம்ப் என்ற பழுப்பு நிறப் பூதம் எறியும் நெருப்பு உருண்டை ஒரு துணுக்குக்கு 10 அலகு தூரம் போகிறது. ஆடுபவர் ஷிஃப்ட் பிடித்து நேராக ஓடினால் அதிகபட்சம் 16.67 அலகு, பக்கவாட்டில் நகர்ந்தால் 13 அலகுக்குக் கொஞ்சம் மேல். அதாவது நெருப்பு உருண்டையை விட நீங்கள் வேகமானவர். பார்த்துவிட்டால் தப்பிக்கலாம். பார்க்கத்தான் நேரம் பிடிக்கும். கடைக்காரரின் ஆட்டம் முழுக்க இந்த ஒரு சமன்பாட்டின் மேல் நிற்கிறது. கதவு அவருக்குப் பார்வையைக் கொடுக்கிறது. பார்வை கிடைத்தபின் ஆல்ட்டோடு ஆரோ கீயைப் பிடித்து, திரும்பாமல் பக்கவாட்டில் ஒதுங்க அவருக்கு நேரம் தாராளமாக இருக்கிறது.

அதற்கு முந்தைய கணக்கு

1992 மே மாதம் வந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி-யில் ஒதுங்குவதற்கு எதுவும் கிடையாது. காவலன் சுட்டால் குண்டு பறந்து வராது, படுமா படாதா என்று ஆட்டம் அந்த நொடியிலேயே பகடை போட்டு முடிவு செய்துவிடும். தூரம் கூடினால் படும் வாய்ப்பு குறையும். நீங்கள் ஓடிக்கொண்டிருந்தால் குறையும். இன்னொன்று, சுடுகிறவன் உங்கள் திரையில் தெரிந்தால் இன்னும் குறையும். பின்னால் நின்று சுடுகிறவன்தான் அதிகமாகக் காயப்படுத்துவான். எனவே வுல்ஃபென்ஸ்டைனில் திறமை என்பது ஓடுவதும், எதிரியைக் கண் முன்னால் வைத்திருப்பதும்தான்.

சிரமநிலையும் பழைய வீடியோகேம் கடைகளின் வாசனையோடு இருந்தது. மூன்று உயிர், ஸ்கோர், 40,000 புள்ளிக்கு ஒரு கூடுதல் உயிர். நான்கு நிலைகளில் மிக எளிய நிலையில் படும் காயம் கால் பங்காகக் குறையும். மற்ற நிலைகளுக்கு நடுவே பெரும்பாலும் காவலர்கள் எத்தனை பேர் என்பதுதான் வித்தியாசம். முதல் எபிசோடின் கடைசியில் வரும் ஹான்ஸ் க்ரோஸ் என்ற பெரிய எதிரியின் உயிரளவு, அதாவது எவ்வளவு அடி தாங்குவான் என்ற எண், 850-லிருந்து 1,200 வரை நிலைக்கு நிலை ஏறும். சாதாரணக் காவலன் எல்லா நிலையிலும் ஒரே 25-தான். கை அதேபோல் இருக்க, எண்ணிக்கையை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள்.

டூம் இந்த மூன்று உயிர்க் கணக்கையும் ஸ்கோரையும் தூக்கி எறிந்தது. செத்தால் அந்த லெவலை வெறும் கைத்துப்பாக்கியோடு மறுபடி தொடங்கலாம், அல்லது சேவ் செய்த இடத்திலிருந்து. இரண்டு ஆட்டங்களையும் செய்த, ஜான் ரொமேரோவும் ஜான் கார்மாக்கும் இருந்த அதே குழு ஒன்றரை வருட இடைவெளியில் செய்த மாற்றம் இது. டேவ் ஆட்டமும் ரொமேரோ செய்ததுதான் என்று சொன்னபோது கடைக்காரருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

மருமகனின் கை

மவுஸ் பிடித்த முதல் நிமிடம் அவனுக்குக் கடுப்பு. "மாமா, மவுஸை லேசா முன்னால தள்ளினா இவன் நடந்து போயிடுறான்!" டூமில் மவுஸை முன்னே தள்ளினால் ஆள் முன்னே போவான், அது மேலே பார்ப்பதற்கு இல்லை. 1993-ல் மவுஸும் நடப்பதற்கான கருவிதான். அந்த அசைவை மட்டும் தடுக்கும் ஒரு சிறு நிரலைப் போட்டுக் கொடுத்தேன். கீகளையும் டபிள்யூ-ஏ-எஸ்-டிக்கு மாற்றிக்கொண்டான். அதன்பின் அந்த லெவல் அவனுக்கு ஒன்றுமே இல்லை.

என்ன நடந்தது என்றால், கடைக்காரருக்கு ஒன்றரை வினாடி பிடித்த திரும்பல் அவனுக்கு மணிக்கட்டின் ஒரு வெட்டு. பின்னால் வருகிற எதிரி என்ற அபாயமே ஆட்டத்திலிருந்து காணாமல் போய்விட்டது. நெருப்பு உருண்டையோ அதே 10 அலகுதான். அதோடு, முன்னோக்கியும் பக்கவாட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்தினால் இரண்டு வேகமும் கூடி, நேராக ஓடுவதை விட 28 சதவீதம் வேகமாகப் போகலாம். அவன் அறியாமலே எப்போதும் மூலைவாட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தான். கடைக்காரருக்கு அதே வேகம் வேண்டுமென்றால் ஷிஃப்ட், ஆல்ட், மேல் ஆரோ, பக்க ஆரோ என்று நான்கை ஒன்றாகப் பிடித்து, ஐந்தாவதாக கன்ட்ரோலால் சுட வேண்டும். பிரவுசிங் சென்டர்களில் இருந்த மலிவான கீபோர்டுகள் பல, சில கீகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றை விழுங்கிவிடும். "ஓடிக்கிட்டே சுட்டா நின்னுடும், கீபோர்டு போயிடுச்சுன்னு நினைச்சுப்போம்" என்றார் அவர். அந்தக் காலத்தில் சிலர் இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவன் நடக்க, ஒருவன் சுட என்று பங்கு போட்டு ஆடியதையும் சொன்னார். மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடும் பையன்களுக்கு அது செலவையும் பாதியாக்கியது.

ஏன் இந்த டெல்டா கடைகளில் மவுஸ் பழக்கம் தாமதமாக வந்தது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. அடியில் ரப்பர் உருண்டை வைத்த மவுஸ்தான் எல்லாக் கடையிலும். தூசியும் விரல் அழுக்கும் உருளைகளில் சுற்றிக்கொண்டால் சுட்டி குதிக்கும், நிற்கும், ஒரு பக்கமாக இழுக்கும். அதை வைத்து யாரும் குறி பார்க்க முடியாது. கீபோர்டு தேய்ந்தாலும் சொன்ன பேச்சு கேட்கும். ஒளியால் இயங்கும் மவுஸ் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின்தான் பையன்களின் கை மாறியது. உலகின் மற்ற இடங்களில் 1996, 97-ல் நடந்த மாற்றம் இங்கே சில வருடம் கழித்து நடந்ததற்கு ரசனையோ அறியாமையோ காரணம் இல்லை.

குவேக், அப்புறம் பார்வை

மேலே கீழே பார்க்கும் சுதந்திரம் சிறுகச் சிறுகத்தான் வந்தது. 1994 கடைசியில் மேக் கம்ப்யூட்டர்களுக்கு வந்த மாரத்தானில் மவுஸால் பார்க்கலாம். 1996 தொடக்கத்தில் ட்யூக் நூகெம் 3டி குதிக்கவும் குனியவும் விட்டது. 1996 ஜூனில் வந்த குவேக்தான் முழுமையான முப்பரிமாண உலகத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அதிலும் மவுஸ் பார்வை தானாக இயங்கவில்லை, ஒரு கீயைப் பிடித்திருக்க வேண்டும் அல்லது ஆட்டத்துக்குள் கட்டளை எழுதும் கன்சோல் திரையில் கட்டளை தட்ட வேண்டும். நடப்பது ஆரோ கீயில், மேலே பார்க்க ஒரு எழுத்து, கீழே பார்க்க இன்னொரு எழுத்து. குண்டைத் தானே எதிரியை நோக்கித் திருப்பிவிடும் உதவியும் இருந்தது. ஆட்டத்தை உருவாக்கியவர்களே இரண்டு கைகளுக்கும் நடுவில் நின்றிருக்கிறார்கள்.

கையை முடிவு செய்தது நெட்வொர்க்கில் ஒருவரோடு ஒருவர் மோதிய ஆட்டக்காரர்கள். 1997-ல் நடந்த குவேக் போட்டியில் த்ரெஷ் என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங் வென்று, கார்மாக்கின் ஃபெராரி காரைப் பரிசாகப் பெற்றார். அவர் வைத்திருந்த டபிள்யூ-ஏ-எஸ்-டி அமைப்பைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். 1998 நவம்பரில் வந்த ஹாஃப்-லைஃபில் அது வாங்கிய உடனேயே இருக்கும் அமைப்பாகிவிட்டது.

சிரமநிலையைக் குவேக் மெனுவிலிருந்து எடுத்து உலகத்துக்குள் வைத்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று நடைவழிகள், எதில் நடக்கிறீர்களோ அதுதான் நிலை. நைட்மேர் ஒளித்துவைக்கப்பட்டிருக்கும், தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நிலையில் எதிரிகள் ஒரு தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எடுக்கும் ஓய்வு நீக்கப்பட்டிருக்கிறது. உயிரைக் கூட்டாமல் எதிரியின் நேரத்தை மாற்றும் வழி அது.

வேறு பாதைகளும் உண்டு. 1994-ல் வந்த சிஸ்டம் ஷாக் சண்டை, கதை, புதிர், இணைய வெளி என்ற நான்குக்கும் தனித்தனியாக நிலை வைக்க விட்டது. 1997-ல் நின்டெண்டோ 64-க்கு வந்த கோல்டன்ஐ, நிலை ஏற ஏற முடிக்க வேண்டிய பணிகளைக் கூட்டியது. இந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் கையில் பிடிக்கும் கருவியின் ஒற்றைக் குச்சியில் (ஸ்டிக்) குறி வைக்கத் தடுமாறும் கைக்கு மேலும் மேலும் எதிரிகளை அனுப்பாமல், அதே கட்டடத்தை இன்னும் நன்றாகத் தெரிந்துகொள்ளச் சொல்கிறது.

கரண்ட் கட் என்ற ஆறாவது நிலை

நம் பக்கத்துக் கடைகளில் அதிகம் ஆடப்பட்ட ஐ.ஜி.ஐ. 2000 டிசம்பரில் வெளியானது. பெரிய திறந்தவெளி முகாம்கள், தூரத்திலிருந்து குறி வைத்தல், முழு மவுஸ் கட்டுப்பாடு. ஒரு மிஷனுக்கு நடுவில் சேவ் கிடையாது. முதலிலிருந்துதான். வேண்டுமென்றே எடுத்த முடிவாக இருந்தாலும், அது தடையில்லாத மின்சாரத்தை நம்பி எடுத்த முடிவு. டெல்டாவில் 2011, 2012 வாக்கில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடையில் யு.பி.எஸ். கடைக்காரரின் மேஜைக்கு மட்டும்தான். முகாமின் கடைசிக் கட்டடம் வரை ஊர்ந்து போனவனுக்கு விளக்கு அணைந்தால் எல்லாம் போச்சு. அதனால் பையன்கள் குறுகிய மிஷன்களையே திரும்பத் திரும்ப ஆடினார்கள், நீளமானவற்றைக் காலையில் கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து ஆடினார்கள். எங்கும் சேவ் செய்ய விட்ட டூம் இந்த ஊருக்கு அதிகம் பொருந்திய ஆட்டம் என்று கடைக்காரர் சொன்னது சரிதான்.

இரண்டாவது சுற்று

மருமகனுக்குச் சலித்துவிட்டதால் 'அல்ட்ரா வயலன்ஸ்' போட்டான். எதிரிகள் கூடினார்கள், அதையும் சுத்தமாக முடித்தான். அப்புறம் 'நைட்மேர்'.

டூம் வெளியானபோது இந்த நிலை இல்லை. 'அல்ட்ரா வயலன்ஸ்' போதவில்லை என்ற குறை வந்தபின் 1994-ல் 1.2 பதிப்பில் சேர்த்தார்கள். செத்த எதிரிகள் சில நேரம் கழித்து மறுபடி எழுவார்கள். ஏமாற்றுக் குறியீடுகள் வேலை செய்யாது. குண்டுகள் மட்டும் இரட்டிப்பாகக் கிடைக்கும். அதே சலுகை மிக எளிய நிலையிலும் உண்டு, அங்கே கூடவே படும் காயமும் பாதியாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, நெருப்பு உருண்டையின் வேகம் 10-லிருந்து 20 ஆகிறது.

அந்த ஒற்றை எண் மருமகனை வீழ்த்தியது. ஆடுபவர் நேராக ஓடும் வேகம் 16.67, பக்கவாட்டில் 13 சொச்சம், இப்போது உருண்டை இரண்டையும் விட வேகம். பார்த்தபின் ஒதுங்குவது என்ற பழக்கம் பொய்த்துவிட்டது. மணிக்கட்டு எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும் கால் வேகம் மாறவில்லை. சுட்டு அறையைச் சுத்தம் செய்துவிட்டுப் போவது அவன் வழக்கம், இங்கே சுத்தம் செய்த அறை மறுபடி நிரம்புகிறது. திரும்பத் திரும்ப அதே இடத்தில் விழுந்தான்.

கடைக்காரர் உட்கார்ந்தார். அவரும் முடிக்கவில்லை, ஆனால் அவனை விட வெகு தூரம் போனார். சண்டையே போடவில்லை. எந்தக் கதவு எங்கே திறக்கும், எந்தச் சுவருக்குப் பின் ரகசிய அறை என்று மனப்பாடமாக ஓடினார். நைட்மேர் கீபோர்டு கையிலிருந்தும் மவுஸ் கையிலிருந்தும் ஒரே அளவு பிடுங்கிக்கொள்கிறது. மிச்சம் இருப்பது வழித்தெளிவு. "டேய், சுடாதடா, ஓடு. இங்க நின்னா மழையில நிக்கற மாதிரி" என்று அவர் சொன்னதை மருமகன் அடுத்த முறை கேட்டான், கொஞ்சம் முன்னேறினான்.

மாணவியின் சிக்கல் முற்றிலும் வேறு. கண்ணாடியின் மேல் விரலை இழுத்துத் திரும்பும்போது அவளுக்கு வேகம் இருக்கிறது, ஆனால் விரல் திரையின் ஓரத்துக்குப் போனால் எடுத்து மறுபடி வைக்க வேண்டும். அந்த எடுத்து வைக்கும் இடைவெளியில்தான் அடி வாங்கினாள். அவள் வழக்கமாக ஆடும் ஆட்டங்கள் அந்த இடைவெளியைத் தெரிந்து செய்யப்பட்டவை: குறி தானாகக் கொஞ்சம் ஒட்டும், சுடும் பொத்தானை வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். கடைக்காரரின் கதவு உத்தியைச் சொல்லிக் கொடுத்ததும் அவள் ஆட்டம் சட்டென்று திருந்தியது. ஒரே திசையைப் பார்த்து நின்றால் விரலைத் தூக்க வேண்டிய தேவை குறைகிறது. 1993-ன் ஆரோ கீக்காரர் கண்டுபிடித்த வழி இன்றைய தொடுதிரைக்கு அப்படியே பொருந்துகிறது. இரண்டுமே மெதுவாகத் திரும்பும் கைகள்.

2001-ல் வந்த ஹேலோ இரண்டு குச்சிக் கட்டுப்பாட்டை வீட்டு வீடியோகேம் கருவிகளில் நிலைநிறுத்தியதும் இதே தர்க்கத்தில்தான். ஒதுங்கி நின்றால் கவசம் தானே நிரம்பும், குறிக்குக் கொஞ்சம் உதவி, கையில் இரண்டே ஆயுதம். மெதுவான கைக்கு மூச்சு விட நேரம் கொடுத்துவிட்டு, அப்புறம் மிகக் கடினமான நிலையான 'லெஜண்டரி'யில் அந்த நேரத்தைக் குறைத்தார்கள்.

இதன்பின் செய்தது

நான் சொல்லிக்கொடுக்கும் மாணவர்கள் சிறு ஷூட்டர் ஆட்டங்கள் செய்கிறார்கள். எல்லோரும் மவுஸில் சோதித்துவிட்டு எளிது, நடுத்தரம், கடினம் என்று எதிரியின் உயிரை மாற்றிக் கொண்டுவருவார்கள். இப்போது முதல் வேலை வேறு: கீபோர்டு, மவுஸ், தொடுதிரை மூன்றிலும் முழுப் பின்பக்கம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க வேண்டும். அடுத்து, எதிரியின் குண்டு ஆடுபவரை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதியபின்தான் நிலைகளுக்குப் பெயர் வைக்கலாம். திருவாரூர் மாணவன் ஒருவன் செய்த ஆட்டத்தில் போனில் 'எளிது' நிலையே ஆட முடியாதபடி இருந்தது. எதிரியின் உயிரைத் தொடாமல், முதுகுப் பக்கம் வரும் எதிரி சுடுவதற்கு முன் ஒரு சத்தம் எழுப்பும்படி மாற்றினான், போதுமானதாக இருந்தது. போனில் ஆடுபவரும் மவுஸில் ஆடுபவரும் ஒரே களத்தில் மோதும் ஆட்டத்துக்கு அந்தத் தாளை எப்படி எழுதுவது என்பதில்தான் வகுப்பில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.